எங்கள் அறையில் வார்டனின் ஆள் யார்?

பெண்கள் விடுதியில் முதல் வருஷத்தைக் கழித்தவர்களுக்குப் படிப்பு ஏறியதோ இல்லையோ, எதிரே வருகிறவரைச் சந்தேகப்படும் பழக்கம் நன்றாக ஏறியிருக்கும். பூட்டிய பெட்டி, யாரோ திறந்து ஒட்டிய கடிதம், குழாயடி வரிசையில் நம் பக்கெட் மட்டும் நாலு இடம் பின்னால் நகர்ந்திருப்பது எல்லாம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். நீங்களும் பட்டிருந்தால் மேலே படியுங்கள்.

1998-ல் பெரம்பலூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் விடுதியில் சேர்ந்தேன். எங்களுடையது ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டு ஊர். என் பெயர் கொளஞ்சி. எங்கள் தெருவில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன முதல் பெண் நான்தான். என்னைப் பற்றி ஒரே ஒரு தப்பான பேச்சு காதில் விழுந்தாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் என்னை அனுப்பினார். திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், மாலையும் கையுமாகக் காத்திருந்தார்.

பெட்டி சோதனை

சேர்ந்த அன்று வார்டன் மேடம் என் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஐம்பது வயசு இருக்கும். முன்பு எங்கோ தமிழ் டீச்சராக இருந்தவர். மூக்குக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். துணிகளை ஒவ்வொன்றாக உதறினார். பவுடர் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். அம்மா வறுத்துக் கட்டிக் கொடுத்த முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்துப் பருப்பை ஒரு தட்டில் கொட்டினார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொட்டலம் கட்டிய அந்தப் பழைய செய்தித்தாளை இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். அதில் யாராவது எனக்கு ஏதாவது எழுதி அனுப்பியிருக்கலாம் அல்லவா.

எங்கள் அப்பா அவருக்குச் சளைத்தவரில்லை. மேடம் பெட்டியைச் சோதித்த நேரத்தில் அவர் அறையைச் சோதித்தார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். தாழ்ப்பாளை நாலு தடவை போட்டு எடுத்தார். கடைசியில், சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடம் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார். மாட்டாஸ்பத்திரி என்றார் மேடம். "அங்க டாக்டரு ஆம்பளைங்களா?" என்றார் அப்பா. மேடம் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"ஆம்பளதாங்க. ஆனா அவரு மாட்ட மட்டுந்தான் பார்ப்பாரு."

மூன்று கட்டில்

அறையில் மூன்று பேர். ஒரு கட்டில் எனக்கு. இன்னொன்று நூர்ஜஹானுக்கு. லப்பைக்குடிக்காட்டுக்காரி, அவளுடைய அத்தா வெளிநாட்டில் இருந்தார். வாய் ஓயாமல் பேசுவாள், பேசாத நேரத்தில் சாப்பிடுவாள். அவளைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. ஜன்னலோரக் கட்டில்காரியைத்தான் புரிந்துகொள்ளவே முடியவில்லை. பெயர் செல்வராணி, வேப்பந்தட்டைப் பக்கம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி எழுந்து வார்டன் அறைக்குப் போவாள். ஐந்து நிமிஷம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வருவாள். வந்ததும் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து ஒரே ஒரு வரி எழுதி, தலையணை உறைக்குள் வைத்துவிடுவாள்.

மாடியில் விமலாக்கா என்று மூன்றாம் வருஷம் படிக்கிற சீனியர் இருந்தார். புதிதாக வந்தவர்களை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து விடுதியின் ரகசியங்களைச் சொல்வது அவருடைய பொழுதுபோக்கு. வார்டன் ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆள் வைத்திருக்கிறார், நாம் பேசுவதெல்லாம் அந்த ஆள் மூலமாக ஆறு மணிக்குள் அவர் காதுக்குப் போய்விடுகிறது என்றார். ஆறு மணி என்றதும் நானும் நூர்ஜஹானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருந்தாலும் அவசரப்பட வேண்டாம் என்று, எங்கள் அறையில் அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லையே அக்கா என்றேன். விமலாக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அடுத்து அவர் சொன்ன வார்த்தையால் இரண்டு நாள் நூர்ஜஹான் என்னோடு பேசவே இல்லை.

"தெரியலன்னா, ஒண்ணு அவ பலே கெட்டிக்காரியா இருக்கணும், இல்லன்னா அது நீதான்."

சோடா உப்பு

பெண்கள் அதிகம் சாப்பிட்டுவிடாமல் இருக்கச் சோற்றில் சோடா உப்பு போடுகிறார்கள் என்பது எங்கள் விடுதியில் எல்லோரும் நம்பிய விஷயம். உங்கள் விடுதியிலும் நம்பியிருப்பீர்கள். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடும், மூன்று மணிக்கு மறுபடி பசிக்கும். நூர்ஜஹான் மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டாள். அவளுக்கு மட்டும் சோடா வேலை செய்யாதது ஏன் என்று எனக்கு அது ஒரு தனிச் சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல் செய்யும் அஞ்சலையக்கா பின்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஒரு டப்பா, அதில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ இருந்தது. அகப்பட்டுவிட்டது என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். நறநறவென்றது. துப்புவதற்குள் அஞ்சலையக்கா வந்துவிட்டார். அது வாசலில் கோலம் போட வைத்திருந்த கல் மாவாம். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். என்ன தேடி வந்தாய் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, வாய் முழுக்கக் கோலமாவு. சோடா உப்பு என்றேன். அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ஒங்க பசிய அடக்கறதுக்கு சோடா எதுக்குக் கண்ணு, அதான் நான் கொழம்பு வெக்கிறேன்ல."

சிவப்பு நூல்

எனக்கு வரும் கடிதங்களின் ஓரம் இரண்டு தடவை ஒட்டியது போல மொடமொடவென்று இருக்கும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சிதான் எழுதுவாள். மாடு கன்று போட்டது, முந்திரி பூ எடுத்திருக்கிறது, மாமா வந்து எப்போது லீவு என்று கேட்டுவிட்டுப் போனார் என்பதைத் தவிர அவற்றில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் நமக்கு வந்த கடிதத்தை நமக்கு முன்னால் இன்னொருவர் படிக்கிறார் என்றால் மனசு ஆறுமா?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனபோது தங்கச்சியிடம் திட்டத்தைச் சொன்னேன். அடுத்த கடிதத்தின் மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது. யாராவது பிரித்தால் நூல் விழுந்துவிடும், அவர்களுக்குத் தெரியாது. நூல் இல்லாமல் கடிதம் என் கைக்கு வந்தால் குற்றவாளி மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். நூர்ஜஹான் இதைக் கேட்டுவிட்டு நீ போலீஸ் வேலைக்குப் படித்திருக்க வேண்டும் என்றாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேடம் எல்லாப் பெயர்களையும் வாசித்துக் கடிதங்களைக் கொடுப்பார். என் முறை வந்ததும் எழுந்து போனேன். நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், கடிதத்தை நீட்டியபடி அவர் சொன்னது:

"உள்ள இருந்து ஒரு செவப்பு நூலு விழுந்துச்சு, திரும்ப உள்ள வெச்சு ஒட்டியிருக்கேன், ஒந்தங்கச்சிய ஒற்றெழுத்துப் பார்த்து எழுதச் சொல்லு."

பழுப்பு நோட்டு

கடிதம் விஷயம் இப்படி வெளிப்படையாகிவிட்டதால், மீதி இருந்தது செல்வராணி மட்டுந்தான். அவளுக்கு ஒரு கடிதமும் வருவதில்லை, இருந்தும் தினம் ஏதோ எழுதுகிறாள். நாங்கள் பேசுவதைத்தான் குறித்துக்கொள்கிறாள் என்பதில் நூர்ஜஹானுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவள் அறைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மழை வருமா வராதா என்று பேசுவோம். பெரம்பலூர் வெயிலில் மாதக்கணக்கில் மழையைப் பற்றியே பேசினால் எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது, நூர்ஜஹான் கதவருகே காவல் நிற்க, நான் தலையணை உறைக்குள் கைவிட்டு நோட்டை எடுத்தேன். தப்புத்தான். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒரு தேதி, பக்கத்தில் 'இன்று வரவில்லை'. அதற்குக் கீழே அடுத்த தேதி, 'இன்று வரவில்லை'. புரட்டினேன். பக்கம் பக்கமாக அதேதான். எங்களைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. எனக்கு நிம்மதிக்குப் பதில் இன்னும் பெரிய சந்தேகம் வந்தது. யார் வரவில்லை? யாருக்காக இவள் தினமும் காத்திருக்கிறாள்? வார்டனுக்கு அது தெரியுமா? நோட்டை வைத்துவிட்டுத் திரும்பி, பார்த்ததைச் சொன்னேன். நூர்ஜஹான் காவலை விட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வரலன்னு எழுதறதுக்கே இத்தன பக்கமின்னா, வந்துட்டா இவ என்னத்தடி எழுதுவா?"

மொட்டைக் கடுதாசி

தை மாதம் பிறந்து ஒரு சனிக்கிழமை. என்னை வார்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "பெட்டிய எடுத்து வெய்யி பாப்பா, வூட்டுக்குப் போலாம்" என்றார். மேடம்தான் மேஜையில் இருந்த ஒரு கடிதத்தை என்னிடம் நகர்த்தினார். சென்ற புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு உமது மகள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள் என்றும், இனியாவது உஷாராக இருக்கவும் என்றும் எழுதியிருந்தது. கீழே, நலம் விரும்பி. அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தபால்காரர் படித்துக் காட்டியதைக் கேட்டவுடன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு முதல் பஸ் பிடித்திருக்கிறார்.

படிப்பு, பரீட்சை, எல்லாம் அந்த ஒரு தாளில் போய்விட்டது என்று தோன்றியது. வாயில் வந்தது ஒன்றுதான்: "செல்வராணிதான் மேடம் எழுதியிருப்பா." மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். தினமும் சாயங்காலம் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணிக் குறிக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்து அப்பாவின் முன்னால் விரித்தார். "புதன்கிழம நாலரைக்கு நானே நின்னு எண்ணுனேன் ஐயா. ஒங்க பொண்ணு மூணாவதா நின்னுச்சு. தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வந்து நின்னா, அதுக்குத் திட்டியிருக்கேன். அன்னிக்கு இது கேட்டத் தாண்டல" என்றார்.

அப்பா பதிவேட்டைப் பார்த்தார், ஆனால் அசையவில்லை. பொண்ணுக்காகச் சொல்கிறார்களோ என்று அவருக்கு அதிலும் சந்தேகம். அப்போது மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடித உறையை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துத் தபால் முத்திரையைப் பார்த்தார். "பெரம்பலூர்ல பார்த்தவன், ஜெயங்கொண்டத்துல கொண்டுபோயி ஏங்க போஸ்ட் பண்றான்?" என்றார்.

அப்பா உறையை வாங்கினார். முதல் தடவையாக அந்தக் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். விலாசத்தில் எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'கீழத்தெரு' என்று எழுதியிருந்தது. அதிலிருந்த 'ழ'வின் வால் அடுத்த எழுத்து வரை நீண்டிருந்தது. எங்கள் வீட்டு மனுக்களையும் கல்யாணப் பத்திரிகை விலாசங்களையும் வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்தவர் ஒருவர்தான். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாமாவின் கை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார். உறையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து மேடத்திடம் சொன்னார்:

"இனிமே நானும் அவ அம்மாவும் தவுர எவன் வந்து சொந்தக்காரன்னு சொன்னாலும் உள்ள வுடாதீங்க."

துவைக்கிற கல்

மறுநாள் ஞாயிறு. மேடம் அனுமதித்த ஒரே கோயில் வாலிகண்டபுரம் சிவன் கோயில். பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள், மீதிப் பேர் தூங்கினார்கள். துவைக்கிற இடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும். செல்வராணியின் மேல் அபாண்டமாகப் பழி சொன்னது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கடுதாசி எழுதவில்லை என்றாலும் ஆறு மணிக்கு எதற்குப் போகிறாள் என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. ஒரே நேரத்தில் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும், அவளைக் கண்காணிக்கவும் வேண்டும் என்றால் பேச்சை எப்படித் தொடங்குவது?

தொடங்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த துணி நழுவ, செல்வராணி கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது. நூர்ஜஹான் பெட்டிச் சாவியை எடுத்து அவள் கையில் திணிக்கப் போனாள். நான் கத்திய கத்தலில் மேடம் ஓடி வந்தார். சாவியைப் பிடுங்கி எறிந்தார். தலை கல்லில் இடிபடாமல் மடியில் தாங்கி, பக்கவாட்டில் படுக்கவைத்து, அமைதியாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருக்குப் புதிதில்லை என்று அப்போதே புரிந்தது. இரண்டு நிமிஷத்தில் அடங்கியது. அவளுக்கு வலிப்பு. மாத்திரை மேடம் அறையில் இருந்தது. ஆறு மணிக்குப் போய் அதைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கல்லூரிக்குத் தெரிந்தால் விடுதியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து, அவளும் மேடமும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள்.

"இங்க என்ன பார்த்தீங்க?" என்று எங்களைக் கேட்டார் மேடம். ஒன்றும் பார்க்கவில்லை என்றோம். நூர்ஜஹானால் சும்மா இருக்க முடியவில்லை. அப்படியானால் எங்கள் அறையில் உங்கள் ஆள் யார் மேடம் என்று கேட்டுவிட்டாள். "எனக்கு எதுக்குடி ஆளு? நீங்க பேசறது மாட்டாஸ்பத்திரி வரைக்கும் கேக்குது" என்றார் அவர்.

மத்தியானம் செல்வராணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். திருச்சி டாக்டர் தினமும் எழுதிவரச் சொன்னாராம். நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு, 'இன்று வந்தது' என்று எழுதினாள். "நூத்தி அம்பத்தோரு நாளு வராம இருந்துச்சு. நாளையிலேர்ந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணணும்" என்றாள். நான் அவளைப் பற்றி வார்டனிடம் சொன்னதையும் நோட்டை எடுத்துப் படித்ததையும் சொல்லி அழுதேன். படித்தது அன்றைக்கே தெரியும் என்றாள் அவள். நோட்டைத் தலைகீழாக வைத்துவிட்டேனாம். தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்க ரெண்டு பேருல ஒருத்தி விமலாக்காவோட ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அந்த வருஷம் எங்கள் விடுதியில் யாரும் யாரையும் நம்பவில்லை, அப்படியிருந்தும் படிப்பைப் பாதியில் விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் ஒருத்திகூட இல்லை.